சீகை விறகில் சின்ன பாய்லர்: கரண்டும் சூடும் சேர்ந்து கிடைக்குமா?

தேயிலைத்தோட்டம்_கோத்தகிரி:
கோத்தகிரிக்குக் கீழே கொஞ்சம் தேயிலை, வீட்டை ஒட்டி மூன்று ரூம் வாடகைக்கு விடுகிறோம். ஐப்பசி மழையில் மரம் விழுந்தால் கரண்டு வர நாளாகிறது. மார்கழிப் பனியில் தங்க வருபவர்கள் ஹீட்டர் கேட்கிறார்கள். சீகை (வாட்டில் மரம்) விறகுக்குப் பஞ்சமில்லை. பழைய கேஸ் சிலிண்டரில் பாய்லர் செய்து, நீராவியில் ஜெனரேட்டர் ஓட்டி, மிச்சச் சூட்டை ரூமுக்கு விடலாம் என்கிறார் வெல்டர். செய்யலாமா?

பாய்லர்மேன்:
தம்பி, அந்தச் சிலிண்டரைத் தொடவே தொடாதீர்கள். தேயிலை ஃபேக்டரியில் பாய்லர் அட்டெண்டண்டாக இருந்தவன் சொல்கிறேன். 7 கிலோ பிரஷரில் (சதுர சென்டிமீட்டருக்கு) உள்ளே இருக்கும் தண்ணீர் 170 டிகிரி. தகடு கிழிந்தால் அதில் ஒரு பகுதி அந்தக் கணமே நீராவியாகி வெடிக்கும். நாங்கள் ஷிஃப்ட் ஏறியதும் முதல் வேலை, பாய்லரின் தண்ணீர் மட்டம் காட்டும் கேஜ் கண்ணாடியை ஊதி வடித்துவிட்டு, தண்ணீர் திரும்ப ஏறுகிறதா என்று பார்ப்பதுதான். கண்ணாடியில் தண்ணீர் தெரியவில்லையா, நெருப்பை வெளியே இழுக்க வேண்டும். பதறிப்போய், காய்ந்து பழுத்த தகட்டில் பச்சைத் தண்ணீர் ஏற்றினால் உயிர் போகும். விருந்தாளிகளைக் கவனித்துக்கொண்டே பார்க்கிற வேலையில்லை இது.

சட்டமும் இருக்கிறது. கொள்ளளவு 25 லிட்டருக்குக் குறையாமல் இருந்து, பிரஷரும் 1 கிலோவுக்குக் குறையவில்லை என்றால் பதிவு, பரிசோதனை எல்லாம் வேண்டும். வீட்டுச் சிலிண்டரே 33 லிட்டர் பிடிக்கும்.

கணக்கும் கட்டாது. சின்ன நீராவி இன்ஜின் விறகின் சூட்டில் நூற்றுக்கு ஐந்து பங்கைக் கரண்டாக்கினாலே பெரிது. ஒரு யூனிட்டுக்கு ஐந்து கிலோ காய்ந்த விறகு போகும்.

சூடு மட்டும் என்றால் நீராவியே வேண்டாம், வெந்நீர் போதும். மேலே திறந்த தொட்டி, கீழே அடுப்பு, நடுவில் ரூமுக்குள் ரேடியேட்டர் (வெந்நீர் ஓடிச் சூடு கொடுக்கும் தகடு). உங்கள் உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், தொட்டி திறந்திருப்பதால் பிரஷர் ஏறாது. சீகையைப் பிளந்து மாசி, பங்குனி வெயிலிலேயே அடுக்கி விடுங்கள். ஈர விறகின் சூட்டில் ஒரு பகுதி தன்னைக் காய வைக்கவே போய்விடும்.

குன்னூர்_ஓடை:
கரண்டுக்கு, தோட்டத்தில் ஓடை இருக்கிறதா பாருங்கள். 30 மீட்டர் இறக்கம், நொடிக்கு 10 லிட்டர் தண்ணீர் கிடைத்தால் சின்ன டர்பைன் வைத்து சுமார் ஒன்றரை கிலோவாட் எடுக்கலாம். கோடையில் வற்றும், ஆனால் உங்களுக்குக் கரண்டு போவதே மழையில்தானே.

தேயிலைத்தோட்டம்_கோத்தகிரி:
ஓடை இருக்கிறது, இறக்கத்தை அளந்து பார்க்கிறேன். பாய்லர் அண்ணா, சிலிண்டரை விட்டுவிட்டேன். வெந்நீர் பம்ப் இல்லாமல் சுற்றுமா? ரூம்கள் வீட்டைவிடத் தாழ்வில் இருக்கின்றன.

பாய்லர்மேன்:
சுற்றும், அடுப்பு ரூம்களைவிடக் கீழே இருந்தால். சரிவில் இன்னும் ஒரு படி கீழே கொட்டகை போடுங்கள். பைப் தடிமனாக இருக்கட்டும். எங்கும் மேடு தட்டாமல் தொட்டி வரை ஏறிக்கொண்டே போக வேண்டும், இல்லாவிட்டால் காற்று அடைத்து நின்றுவிடும். தொட்டிக்குப் போகும் பைப்பில் மட்டும் எந்தக் காரணத்துக்கும் வால்வு வைக்க விடாதீர்கள், அதை மூடினால் பிரஷர் ஏறிவிடும்.