மனித உரிமை ஆணையம் சொன்னா அரசு கேட்டே ஆகணுமா?

கேள்வி:
வணக்கம். போலீஸ் காவல்ல ஒருத்தர் செத்தா தேசிய மனித உரிமை ஆணையம் நோட்டீஸ் அனுப்புது, குடும்பத்துக்கு இழப்பீடு குடுங்கன்னு சொல்லுது, அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னே தெரியறதில்ல. அரசு முடியாதுன்னுட்டா அவங்களால என்னதான் பண்ண முடியும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பதில் 1:
1993 மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி விசாரணை நடக்கும்போது ஆணையத்துக்கு சிவில் கோர்ட் பவர் இருக்கு சார், சம்மன் அனுப்பலாம், ஃபைலை எடுத்துட்டு வான்னு சொல்லலாம், யாரும் புகார் குடுக்கலன்னாலும் தானா கேஸ் எடுக்கலாம். ஆனா விசாரிச்சு முடிச்சா 18ஆவது பிரிவுல பரிந்துரைதான், அரசு கேக்கலன்னா ஹைகோர்ட்டுக்கோ சுப்ரீம் கோர்ட்டுக்கோ போகலாம். நம்ம மெட்ராஸ் ஹைகோர்ட் ஃபுல் பெஞ்ச் (3 நீதிபதிகள் அமர்வு) 2021ல மாநில மனித உரிமை ஆணையத்தோட பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும்னே தீர்ப்பு சொல்லியிருக்கு, பெரிய விஷயம் அது.

பதில் 2:
பவரை விட எனக்கு உறுத்துறது யார் விசாரிக்கிறாங்கங்கறதுதான். ஆணையத்தோட புலனாய்வுப் பிரிவுக்கு தலைமையே டிஜிபி ரேங்க் அதிகாரி, ஆள் குடுக்கறது மத்திய அரசு, அப்ப போலீஸ் மேல வர்ற புகாரை போலீஸ்தானே பாக்குது? பாதிக்கப்பட்ட குடும்பம் எப்படிங்க நம்பி வாய் திறக்கும். தலைவரை தேர்ந்தெடுக்கிற 6 பேர் குழுல பிரதமர், உள்துறை அமைச்சர், சபாநாயகர், ராஜ்யசபா துணைத்தலைவர் இருக்காங்க, எதிர்க்கட்சிக்கு 2 இடம்தான். 2019 திருத்தத்துல பதவிக்காலத்தை 5 வருஷத்துலேந்து 3 ஆக்கி, மறுபடி நியமிக்கலாம்னும் வச்சுட்டாங்க, திரும்ப அதே அரசு கையாலதான் பதவி வரணும்னா யார் துணிஞ்சு அரசைக் கண்டிப்பாங்க? ஒவ்வொரு நாட்டு மனித உரிமை ஆணையத்துக்கும் தரம் குடுக்கிற சர்வதேச அமைப்பு 2023லயும் 2024லயும் நம்ம ஆணையத்தோட ஏ தகுதியை (அதான் உச்ச தரம்) புதுப்பிக்காம தள்ளி வச்சதுக்கு போலீஸ்காரங்க விசாரிக்கிறதும் ஒரு காரணம்.

பதில் 3:
அதே சட்டத்தோட 19ஆவது பிரிவை யாரும் சொல்லலயே. ராணுவமோ சிஆர்பிஎஃப் மாதிரி மத்திய படையோ சம்பந்தப்பட்டா ஆணையம் நேரா விசாரிக்கவே முடியாது, மத்திய அரசுகிட்ட அறிக்கை கேட்டு வாங்கி அதை வச்சு பரிந்துரை சொல்லலாம், அவ்ளோதான். முதல்ல மாத்த வேண்டியது இதைத்தான்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க. அப்ப புகார் குடுக்கிறதுல பிரயோஜனம் இருக்கா இல்லையா?

பதில் 1:
கண்டிப்பா குடுங்க சார், ஃபீஸ் கிடையாது, வக்கீல் வேணாம், தமிழ்லயே எழுதலாம். சம்பவம் நடந்து 1 வருஷம் தாண்டிட்டா எடுக்க மாட்டாங்க, மாநில ஆணையத்துல ஏற்கெனவே கேஸ் ஓடிட்டிருந்தாலும் டெல்லில இருக்கிற தேசிய ஆணையத்துல எடுக்க மாட்டாங்க, அதனால எங்க குடுக்கறதுன்னு முதல்லயே முடிவு பண்ணிக்குங்க.