புதுப்பிப்பு: மீன் காட்சியகத் தொட்டிச் சுவரில் துருக்கறை

எங்கள் கடல்நீர்த் தொட்டியின் வெளிச்சுவரில் துருக்கறை, காங்கிரீட் பெயர்கிறது, சிமெண்ட் பூசினால் போதுமா என்று கேட்டிருந்தேன். போதவே போதாது. உடைத்துப் பார்த்தால் உப்பின் குளோரைடு காங்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பி வரை போய், அதைத் துருப்பிடிக்க வைத்திருக்கிறது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். காங்கிரீட் வெடிப்பது அதனால்தான். கம்பிக்குப் பின்னாலும் 20 மில்லிமீட்டர் குடைந்து, மணல் பீய்ச்சித் துருவை எடுத்தோம். ஒட்டுப் போட்ட இடத்தைச் சுற்றியுள்ள பழைய காங்கிரீட்டில்தான் அடுத்து அரிப்பு தொடங்கும் என்பதால் ஓரங்களில் கம்பியோடு துத்தநாக ஆனோடு (கம்பிக்குப் பதிலாகத் தானே அரிபடும் துத்தநாகத் துண்டு) கட்டினோம்.

செம்பு கலந்த பூச்சு அடிக்கச் சொன்ன நண்பருக்கு: பவளத்துக்கும் நண்டுக்கும் செம்பு விஷம் சார். புதுச் சிமெண்டும் தண்ணீரின் பிஎச்சை, அதாவது அமில-கார அளவை, ஏற்றிவிடும். அதனால் உட்புறம் எபாக்சி என்ற பிசின் பூச்சு பூசி, நன்றாக இறுகியபின் நீரை நிரப்பி, வடித்துச் சோதிக்கிறோம். பிஎச் நிலைத்ததும் சுறாக்களைத் தற்காலிகத் தொட்டியிலிருந்து மாற்றிவிடுவோம்.