மெயின் சுவிட்சை அணைத்தும் வாரம் ஒரு தடவை படகு பேட்டரி படுத்துவிடுகிறது, காரணம் என்ன?

பத்துமாவுங் தூண்டில்:

வணக்கம். இரண்டு மாதமாக ஒரு பேட்டரி என்னை ஆட்டிவைக்கிறது. படகு வைத்திருக்கும் அண்ணன்மார் யாராவது வழி சொன்னால் புண்ணியமாகப் போகும்.

18 அடி பைபர் படகு, பழசு, போன வருடம்தான் கைமாறி வந்தது. பின்னால் 40 குதிரைச் சக்தி 2 ஸ்ட்ரோக் இன்ஜின், சாவி ஸ்டார்ட். பேட்டரி என்70, தண்ணி ஊற்றுகிற வகை, 70 ஆம்பியர் அவர் (ஒரு ஆம்பியர் வீதம் எடுத்தால் 70 மணி நேரம் தாங்கும்), வாங்கி 5 மாதம்கூட ஆகவில்லை. பினாங்கு பத்து மாவுங்கில் கட்டியிருக்கிறேன். பாயான் லெப்பாஸில் ஷிப்ட் வேலை, அதனால் சனிக்கிழமை ஒரு நாள்தான் கடல். ரிமாவ் தீவு வரை போய்வருவேன், காற்று அடங்கியிருந்தால் கெண்டி தீவு.

ஞாயிற்றுக்கிழமை பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய் இரவெல்லாம் சார்ஜ் போட்டு, திங்கள் சாயங்காலம் வேலை முடிந்ததும் 12.7 வோல்ட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டுகிறேன். அடுத்த சனி விடிகாலை 5 மணிக்குச் சாவியைத் திருகினால் டிக் டிக் என்று பல்லி கத்துகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். மீட்டரில் 11.6. மூன்று தடவை ஆகிவிட்டது. கடைசித் தடவை கயிறு சுற்றி இழுத்து ஸ்டார்ட் பண்ணினேன், தோள்பட்டை இன்னும் வலிக்கிறது, மச்சான் உதவி செய்யாமல் சிரித்துக்கொண்டே வீடியோ எடுத்தான்.

மெயின் சுவிட்சை ஒவ்வொரு தடவையும் அணைத்துவிட்டுத்தான் வருகிறேன், சத்தியமாக. விளக்கு, ரேடியோ, பிஷ் பைண்டர் எல்லாம் அந்த சுவிட்சுக்குப் பின்னால்தான். போன வாரம் படகைக் கரையேற்றி, நெகட்டிவ் வயரைக் கழற்றி இடையில் மல்டிமீட்டர் வைத்தும் பார்த்துவிட்டேன், வெறும் 20 மில்லி ஆம்பியர்தான் காட்டுகிறது. ஒர்க்‌ஷாப்பில் கேட்டால் பேட்டரி கெட்டுப்போச்சு, வேறு வாங்கு என்கிறார்கள். வாங்கினால் அதையும் இந்தப் படகு தின்றுவிடாதா?

ஞாயிறு மீனவன்:

தம்பி, இதற்கு ஏன் இவ்வளவு கவலை. 20 வாட் சோலார் பேனல் ஒன்று, சின்ன கண்ட்ரோலர் ஒன்று, கூரை மேல் போட்டுவிடுங்கள். நம்ம பினாங்கு வெயிலில் ஒரு நாளைக்கு 5 ஆம்பியர் அவர் வரை உள்ளே போகும். நான் பத்து மூசாங்கில் அப்படித்தான் விட்டிருக்கிறேன், பேட்டரியை வீட்டுக்குத் தூக்கி இரண்டு வருடம் ஆகிறது. கையில் காசு இருந்தால் லித்தியத்துக்கே மாறிவிடலாம், தூக்கவும் லேசு.

நிபோங்தெபால் வயர்மேன்:

சோலார் பிறகு போடலாம் அண்ணே. ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பதற்கா சோலார்? லித்தியம் இன்னும் மோசமான யோசனை, பழைய 2 ஸ்ட்ரோக் இன்ஜினின் சார்ஜிங்குக்கும் அதற்கும் ஒத்துப்போகுமா என்று பார்க்காமல் மாட்டினால், அதற்குள் இருக்கும் பாதுகாப்பு போர்டு ஓட்டத்தின் நடுவில் திடீரென்று வெட்டிவிடும், அப்போது இன்ஜின் மின்சாரத்தை பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தருகிற ரெக்டிபையர் போய்விடலாம்.

தம்பி, முதலில் பேட்டரிமேல் குற்றமா, படகுமேல் குற்றமா என்று பிரிக்க வேண்டும். சார்ஜ் போட்ட பேட்டரியை எதிலும் மாட்டாமல் வீட்டிலேயே நான்கு நாள் வையுங்கள். 12.6-க்குப் பக்கத்திலேயே நின்றால் பேட்டரி நல்லது. தானாகவே 10.5 பக்கம் இறங்கினால் ஒரு செல் செத்துவிட்டது என்று அர்த்தம், ஒரு செல்லுக்கு 2 வோல்ட் சொச்சம், அது போனால் மொத்தத்தில் அவ்வளவும் குறையும்.

ஆனால் நீங்கள் சொல்வதை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 11.6 என்றால் 70 ஆம்பியர் அவரும் கிட்டத்தட்டக் காலி. நீங்கள் பார்த்த 20 மில்லி ஆம்பியர் ஒரு வாரம் முழுக்க, அதாவது 168 மணி நேரம் ஓடினாலும் மூன்றரை ஆம்பியர் அவர்கூட வராது. அது ரேடியோவின் மெமரி வயராக இருக்கும், முன்னால் வைத்திருந்தவர் நேராக பேட்டரியில் மாட்டியிருப்பார், சுவிட்சுக்குப் பின்னால் இருக்காது, அதை விடுங்கள். 70 போக வேண்டும் என்றால் சராசரியாக 0.4 ஆம்பியர் ஓடியிருக்க வேண்டும். திங்களிலிருந்து சனிக்கு இன்னும் குறைவான மணி நேரம், ஆக அதற்கும் மேலேதான். கரையில் மீட்டர் வைத்தபோது அது இல்லை, தண்ணீரில் இருக்கும்போது இருக்கிறது. தண்ணீரில் இருந்தால் மட்டும் மின்சாரம் குடிக்கிற சாமான் எது?

பில்ஜ் பம்ப், படகின் அடியில் (பில்ஜில்) தேங்கும் தண்ணீரை இறைக்கிறது. அதற்கு ஆட்டோமேட்டிக் புளோட் சுவிட்ச், தண்ணீர் ஏறினால் மிதந்து பம்பைத் தானாக ஓடவிடுவது, இருக்கிறதா? அந்த வயர் மெயின் சுவிட்சைத் தாண்டி நேராக பேட்டரிக்குப் போகும், அப்படித்தான் போட வேண்டும், ஆள் இல்லாதபோது தண்ணீர் ஏறினால் அதுதானே காப்பாற்றணும். சின்ன பம்ப் ஒன்று ஓடும்போது சுமார் 2 ஆம்பியர் இழுக்கும். மணிக்கு 12 நிமிடம் ஓடினால் சராசரி 0.4 வந்துவிடும்.

பத்துமாவுங் தூண்டில்:

அண்ணே, புளோட் சுவிட்ச் இருக்கிறது! நான் அதை நினைக்கவே இல்லை. அப்படியானால் மணிக்கு 12 நிமிடம் ஓடுகிற அளவுக்குப் படகில் ஓட்டையா? பயமாக இருக்கிறது. பேசாமல் பம்ப் வயரையும் மெயின் சுவிட்சுக்குப் பின்னால் கொண்டுவந்துவிடட்டுமா?

கிழட்டு நண்டு:

வேண்டாம் தம்பி. அந்த வயரில் கையை வைக்காதே.

பேட்டரி போனால் சனிக்கிழமை தூண்டில் போடுவது தவறும், அவ்வளவுதான். பம்ப் போனால் படகே போகும். செப்டம்பர், அக்டோபரில் இங்கே கொட்டுகிற மழை தெரியும்தானே, திறந்த படகு ஒரே ராத்திரியில் பாதித் தொட்டியாகிவிடும். பின்பாரம் இன்ஜின், தண்ணீரும் பின்னால்தான் ஓடிவரும், இன்ஜின் மாட்டியிருக்கும் பின்பலகை, டிரான்சம், தாழ்ந்து ஒரு அலை உள்ளே வந்தால் முடிந்தது. பேட்டரி காலியானதால் பம்ப் நின்று, பம்ப் நின்றதால் முழுகிய படகுகளை ஜெட்டியில் என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். காலையில் வந்து பார்த்தால் கட்டிய கயிறு மட்டும் விறைப்பாக நேர் கீழே போகும்.

வயர்மேன் தம்பி கணக்கு சரி. ஆனால் ஓட்டை இல்லை. எப்படிச் சொல்கிறேன் என்றால், மணிக்கு 12 நிமிடம் பம்ப் ஓடினால் சின்ன பம்பே 200 லிட்டருக்கு மேல் வெளியே தள்ளியிருக்கும். அவ்வளவு தண்ணீர் மணிக்கு மணி உள்ளே வந்துகொண்டிருந்தால், பேட்டரி செத்த அன்றைக்கே படகு அடியில் போயிருக்கும். உன் படகு சனிக்கிழமை மிதந்துகொண்டுதானே இருந்தது? உள்ளே எவ்வளவு தண்ணீர் இருந்தது, கணுக்கால்கூட நனைந்திருக்காது. அதனால் பம்ப் புதுத் தண்ணீரை இறைக்கவில்லை. ஒரே தண்ணீரைத்தான் திரும்பத் திரும்ப இறைத்துக்கொண்டிருக்கிறது.

பம்பிலிருந்து போகிற குழாய் எவ்வளவு நீளம்? பம்ப் நின்றதும் குழாயில் ஏறிய தண்ணீர் முழுக்கத் திரும்பி பில்ஜுக்கே இறங்கும். அந்த இடம் குறுகலாக இருந்தால் அந்த ஒரு போத்தல் தண்ணீரே புளோட்டைத் தூக்கிவிடும். தூக்கினால் பம்ப் ஓடும், ஓடி நின்றால் மறுபடி இறங்கும். விடிய விடிய இதே கூத்துதான், பேட்டரி சாகிற வரைக்கும். இன்றைக்கு ராத்திரி ஒரு கோப்பி கட்டி எடுத்துக்கொண்டு போய்ப் படகுக்குள் அரை மணி நேரம் சும்மா உட்கார். ரேடியோ போடாதே. காதில் கேட்கும்.

பத்துமாவுங் தூண்டில்:

நண்டு அண்ணே, உங்கள் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும்.

நேற்று இரவு ஷிப்ட் முடிந்து 11 மணிக்குப் போய் உட்கார்ந்தேன். கொசுக்கடி. நீங்கள் சொன்ன மாதிரியே உர்ர் என்று ஆறேழு விநாடி, அப்புறம் குழாய்க்குள் களகள என்று ஒரு சத்தம், அரை நிமிடம் அமைதி, திரும்ப உர்ர். நான் எண்ணிய வரைக்கும் 40 தடவைக்கு மேல். வெளியே விழுகிற தண்ணீர் ஒரு தம்ளர்கூட இருக்காது.

டார்ச் அடித்துப் பார்த்தால் குழாய் 3 மீட்டர் நீளம், அதுவும் வளையம் வளையமாக இருக்கிற சுருக்குக் குழாய். நேராக வெளியே விட வேண்டியதை ஏனோ பக்கவாட்டில் ஒரு சுற்றுச் சுற்றி விட்டிருக்கிறார்கள். கசிவும் கொஞ்சம் இருக்கிறது, பின்னால் இருக்கும் வடிகால் அடைப்பான் ரப்பர் வெடித்திருக்கிறது, முதல் தண்ணீர் அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். கடைக்காரர் குழாயில் ஒருவழி வால்வு போட்டால் சரியாகிவிடும் என்றார். போடலாமா?

நிபோங்தெபால் வயர்மேன்:

ஒருவழி வால்வு வேண்டாம். பில்ஜில் தூண்டில் நரம்பு, மீன் செதில், இலை எல்லாம் கிடக்கும், ஏதாவது ஒன்று மாட்டி மூடியபடியே நின்றால் தேவைப்படுகிற நேரத்தில் பம்ப் ஓடும், தண்ணீர் வெளியே போகாது. உள்பக்கம் வழவழப்பான குழாய் வாங்கி, எவ்வளவு குட்டையாக முடியுமோ அவ்வளவு குட்டையாக விடுங்கள், வெளியே விழும் துளை தண்ணீர் மட்டத்துக்கு நன்றாக மேலே இருக்கட்டும். புளோட் சுவிட்சை அடியில் ஒரு பலகை வைத்து ஓர் அங்குலம் உயர்த்துங்கள். அடைப்பான் ரப்பரை மாற்றுவது ஒரு சில வெள்ளிதான், அதைத் தள்ளிப்போட வேண்டாம். பம்ப் லைனில் பியூஸ் இருக்கிறதா என்றும் பாருங்கள், அளவு பம்பின் உடம்பிலேயே அச்சிட்டிருக்கும். நரம்பு சுற்றி மோட்டார் இறுகினால் பியூஸ்தான் முதலில் போக வேண்டும், வயர் இல்லை.

அப்புறம் அந்த பேட்டரி. மூன்று தடவை அடிவரை இறங்கியிருக்கிறது, நம்ம வெக்கையில். தகட்டில் சல்பேட் படிந்திருக்கும், 70 இனி 70 ஆக இருக்காது. தூக்கிப் போட்டுவிட வேண்டாம், மெதுவான சார்ஜில் 14.4 வரை ஏற்றி, ஒரு ராத்திரி ஓய்வு கொடுத்துப் பாருங்கள். சார்ஜ் முடிந்த பிறகு மூடியைத் திறந்து தண்ணீர் மட்டம் பாருங்கள், பேட்டரித் தண்ணிதான், குழாய்த் தண்ணி கூடவே கூடாது. ஜன்னல் திறந்திருக்கட்டும், ஹைட்ரஜன் வரும், கிளிப்பை மாட்டிய பிறகுதான் சுவிட்சைப் போடணும். இனிமேல் 12.4-க்குக் கீழே போய்விட்டால் அடுத்த வாரம் பார்க்கலாம் என்று விடாதீர்கள். ஓட்டும்போது இன்ஜின் சார்ஜ் பண்ணிவிடும் என்றும் நம்ப வேண்டாம், அந்தப் பழைய 40-இல் முழு வேகத்திலேயே ஆறேழு ஆம்பியர் வந்தால் பெரிது, ரிமாவ் தீவுக்கு 20 நிமிட ஓட்டத்தில் 2 ஆம்பியர் அவர்தான் கிடைக்கும்.

பேட்டரி எங்கே வைத்திருக்கிறீர்கள்? பில்ஜ் பக்கத்தில் தாழ்வாக இருந்தால் மேலே ஏற்றுங்கள், கடல் தண்ணீர் பேட்டரி ஆசிட்டில் கலந்தால் குளோரின் வாயு வரும், விளையாட்டு இல்லை. மேல் மூடியில் உப்பு படிந்திருந்தால் சோடா மாவு கரைத்த தண்ணீரில் துணி நனைத்துத் துடைத்துவிடுங்கள், மூடி இறுக்கமாக இருக்கும்போது. டெர்மினலில் காது வைத்த நட்டு போட்டிருந்தால் கழற்றிவிட்டு சாதாரண லாக் நட்டு போட்டு, வாசலின் தடவுங்கள்.

ஞாயிறு மீனவன்:

சரி சரி, என் சோலாரைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆனால் இதைப் படித்த பிறகு நானும் நேற்று ராத்திரி போய் உட்கார்ந்து பார்த்தேன். என் பம்பும் மணிக்கு நாலு தடவை உறுமுகிறது. இரண்டு வருடமாக வெயில்தான் அதற்குச் சோறு போட்டிருக்கிறது.

பத்துமாவுங் தூண்டில்:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். குழாய் இப்போது ஒரு மீட்டர்தான், புளோட்டை உயர்த்தியாகிவிட்டது, ரப்பர் புதுசு. மழை பெய்த அன்றைக்குப் போய்ப் பார்த்தேன், பம்ப் ஒரு தடவை நீளமாக ஓடி நின்றது, அதற்கப்புறம் முக்கால் மணி நேரம் சத்தமே இல்லை. பேட்டரி முழு சார்ஜில் 12.5-க்கு மேல் ஏறவில்லை, வயர்மேன் அண்ணன் சொன்ன மாதிரி கொஞ்சம் செத்துத்தான் போயிருக்கிறது, ஆனால் நேற்று சனிக்கிழமை காலை 12.4. சாவியைத் திருகினதும் பிடித்துக்கொண்டது. மச்சான் வீடியோவுக்குத் தயாராக போனைக் கையில் வைத்திருந்தான், பாவம்.