பழைய ஆல்பெர்க் 30: சட்டென்று சாய்கிறது, சுக்கான் கனக்கிறது. வடிவமைப்பா, வயதா?

புதுமாலுமி:
வணக்கம் நண்பர்களே. 1960-களின் கடைசியில் கட்டிய ஓர் ஆல்பெர்க் 30 பாய்ப் படகு விலைக்கு வந்திருக்கிறது. நானும் மனைவியும் அதிலேயே தங்கி, முதலில் கரையோரமாகப் போய்ப் பழகிவிட்டு, அப்புறம் ஒரு பெருங்கடலைக் கடக்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை.

அளவுகள்: மொத்த நீளம் 30 அடி 3 அங்குலம், நீர்மட்ட நீளம் 21 அடி 8 அங்குலம், அகலம் 8 அடி 9 அங்குலம். எடை 9,000 பவுண்டு, அதில் பாலாஸ்ட் (நிமிர்ந்து நிற்க அடியில் வைத்த பாரம்) 3,300. பாய்ப் பரப்பு 410 சதுர அடி.

ஓட்டிப் பார்த்தோம். காற்று 15 நாட்டை, அதாவது மணிக்குச் சுமார் 28 கி.மீ.-ஐ, தாண்டியதும் மளமளவென்று சாய்ந்தது. டில்லரை (சுக்கானைத் திருப்பும் கைப்பிடி) இரண்டு கையாலும் இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. கொஞ்சம் விட்டால் அணியம் (படகின் முன்முனை) காற்றை நோக்கித் திரும்பிவிடுகிறது. காற்றை எதிர்த்துப் போகையில் வேகம் 4 நாட் தான். "ஆல்பெர்க் என்றாலே இப்படித்தான்" என்கிறார் உரிமையாளர். உண்மையா?

நீள்கீல்:
பாதி உண்மை. சாய்வது வடிவமைப்பு. டில்லர் கனப்பதை முழுசாக வடிவமைப்பின் தலையில் கட்ட முடியாது.

கார்ல் ஆல்பெர்க் வரைந்த இந்தப் படகு 1962-ல் வெளிவந்தது. அன்றைய அமெரிக்கப் பந்தய விதியில் நீர்மட்ட நீளம் கூடக்கூட ரேட்டிங்கும் (படகின் வேக மதிப்பு; ஏறினால் பந்தயத்தில் பாதகம்) ஏறும். அதனால் அணியத்தையும் கடையாலையும் (பின்முனை) தண்ணீருக்கு வெளியே நீட்டி வைத்தார்கள். படகு சாயும்போது அந்த நீட்டல்கள் தண்ணீரில் படிந்து நீர்மட்டம் நீளும். உங்கள் படகு கொஞ்சம் சாய்ந்தபடி ஓடுவதற்கென்றே வரையப்பட்டது. ஒடுங்கிய உடல் ஆகையால் முதல் 15 பாகை சட்டென்று சாயும், 20 பாகையை நெருங்கும்போது கீலின் (அடியில் நீளும் கனமான பகுதி) கனம் பிடித்து நிறுத்திவிடும். புதிதாக ஏறுபவருக்குப் பயமாகத்தான் இருக்கும்.

கணக்கையும் போட்டுப் பார்த்தேன். எடைக்கும் நீளத்துக்குமான விகிதம் 395 வருகிறது. 300-ஐத் தாண்டினாலே கனமான படகு. பாய்ப் பரப்புக்கும் எடைக்குமான விகிதம் சுமார் 15, அதனால் மெல்லிய காற்றில் சோம்பல்தான். உடல் வேகம், அதாவது நீர்மட்ட நீளத்தை வைத்துக் கணக்கிடும் உச்ச வேகம், 6.2 நாட். கவிழ்வுச் சோதனை எண் (எளிதில் கவிழுமா என்று மதிப்பிடுவது) 1.68, 2-க்குக் கீழே இருந்தால் நல்லது என்பார்கள். 1979 ஃபாஸ்ட்நெட் பந்தயத்தில் 15 பந்தய மாலுமிகள் இறந்த பிறகு நடந்த ஆய்வுகளிலிருந்து வந்த சூத்திரம் அது. ஆனால் அகலத்தையும் மொத்த எடையையும் மட்டும்தான் பார்க்கிறது. கனம் கீலின் அடியில் இருக்கிறதா, மாஸ்ட் (பாய்மரம்) உச்சியில் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. அதை வைத்து மட்டும் முடிவு எடுக்காதீர்கள்.

பாய்தையல்:
மெயின் பாய்க்கு (மாஸ்டுக்குப் பின்னால் உள்ள முக்கியப் பாய்) எத்தனை வயது? காற்று நிறைந்திருக்கும்போது பூமின் (பாயின் கீழ்விளிம்பைத் தாங்கும் கட்டை) நடுவுக்குக் கீழே நின்று அண்ணாந்து பாருங்கள். பாயின் வயிறு, அதாவது அதிகம் உப்பிய இடம், பாதிக்கு முன்னால் இருக்க வேண்டும். பழைய டாக்ரான் துணி இழுபட்டு வயிறு பின்னால் போய்விட்டால், பாய் படகை முன்னே தள்ளுவதை விட்டுவிட்டுச் சாய்க்கும், அணியத்தைக் காற்றுக்குத் திருப்பும். நீங்கள் சொல்லும் மூன்று தொல்லையும் அதிலேயே வரும்.

இன்னொன்று, இந்தப் படகில் மெயின் பெரிது. ரீஃப் எடுப்பதை (பாயைச் சுருக்கிக் கட்டுவதை) மெயினில் தொடங்குங்கள். 15 நாட்டிலேயே முதல் ரீஃப் எடுத்துவிட்டால் டில்லர் கைக்குள் வந்துவிடும், வேகமும் குறையாது.

புதுமாலுமி:
மிக்க நன்றி. எடுத்த படங்களை இப்போது பெரிதாக்கிப் பார்த்தேன். வயிறு பாதிக்கு நன்றாகப் பின்னால்தான் இருக்கிறது. ரீஃப் கயிறே கோக்கவில்லை.

படத்தில் வேறொன்றும் தெரிகிறது. கீழ்க்காற்றுப் பக்கத்து (காற்று போய்ச் சேரும் பக்கத்து) ஷ்ரவுடுகள், அதாவது மாஸ்டைப் பக்கவாட்டில் பிடிக்கும் கம்பிகள், தளர்ந்து ஆடுகின்றன. உள்ளே கழிவறைக் கதவு மேல்சட்டத்தில் உரசி, மூடவே மாட்டேன் என்றது. மழைக்கு மரம் ஊதியிருக்கும் என்று உரிமையாளர் சொன்னார்.

நீள்கீல்:
அந்தக் கதவை விடாதீர்கள்! முக்கியமான விஷயம் அதுதான்.

ஆல்பெர்க் 30-ல் மாஸ்ட் டெக்கின் (மேல்தளம்) மேல் நிற்கிறது. அதன் பாரத்தைத் தாங்குவது டெக்குக்கு அடியில், அந்த வாசலுக்கு நேர் மேலே குறுக்காகப் போகும் ஒட்டுமர உத்தரம். பல படகுகளில் அது விரிசல் விட்டோ அடுக்கு பிரிந்தோ தொய்ந்திருக்கிறது. உத்தரம் இறங்கினால் கதவு இடிக்கும். மாஸ்டும் இறங்குவதால் எல்லா ஷ்ரவுடும் தளரும், முன் ஸ்டே (மாஸ்டை முன்பக்கம் பிடிக்கும் கம்பி) வளையும். அது வளைந்தால் ஜெனோவாவும் (முன்பாய்) தொப்பையாகிவிடும், சாய்வு இன்னும் கூடும். டர்ன்பக்கிளை (கம்பியை முறுக்கும் திருகு) இறுக்கிச் சரிசெய்யப் பார்த்தால் உத்தரம் மேலும் இறங்கும்.

நேரான ஒரு நீளக் கட்டையை மாஸ்ட் அடிக்குப் பக்கத்தில் டெக்கின் குறுக்கே வையுங்கள். டெக் நடுவில் உயர்ந்து, இரு பக்கமும் சரிய வேண்டும். மாஸ்ட் அடியில் பள்ளம் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். சுற்றிலும் சின்ன பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் நல்லது, மந்தமாகக் கேட்டால் உள்ளே ஈரம்.

பாய்தையல்:
ஆமாம், அப்படியிருந்தால் முதலில் உத்தரம், பிறகுதான் புதுப் பாய். தொய்ந்த ரிக்கை (மாஸ்டும் கம்பிகளும்) அளந்து பாய் தைக்கச் சொன்னால் உத்தரத்தைச் சரிசெய்த பிறகு அது பொருந்தாது.

புதுமாலுமி:
உத்தரம் போயிருந்தால் படகையே விட்டுவிட வேண்டுமா? மனைவிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

நீள்கீல்:
வேண்டாம். தெரிந்த பழுது, தெரிந்த வைத்தியம். மாஸ்டை இறக்கிவிட்டுப் புது உத்தரம் போடலாம், உலோகத் தகடு கொடுத்தும் வலுப்படுத்தலாம். நல்ல தச்சருக்குப் பழக்கமான வேலைதான். மாஸ்ட் கீழே இருக்கும்போதே கம்பிகளையும் செயின்பிளேட்டுகளையும் (கம்பிகளைப் படகோடு பிணைக்கும் தகடுகள்) கழற்றிப் பார்த்துவிடுங்கள். கம்பிக்கு எத்தனை வயது என்று யாருக்கும் தெரியாவிட்டால் மாற்றிவிடுவதே நல்லது.

விலை பேசும்முன் படகைச் சோதிக்கும் சர்வேயரிடம் உத்தரத்தைத் தனியாகக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். உத்தரத்தை மூடியிருக்கும் உட்பலகையைக் கழற்ற உரிமையாளரின் அனுமதி வேண்டும், அதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.