துப்பாக்கி கேம் ஆடி ஆடிப் பையன் முரடனாகிவிடுவானா?

பாலக்கோடு அம்மா:
பையன் பத்தாவது படிக்கிறான். ராத்திரி ஹெட்போனை மாட்டிக்கொண்டு போனில் பிஜிஎம்ஐ என்ற துப்பாக்கி கேம் ஆடுகிறான், சாப்பிடக் கூப்பிட்டால் எரிந்து விழுகிறான், தோற்றுவிட்டால் தலையணையைக் குத்துகிறான். தங்கச்சி பக்கத்தில் போகவே பயப்படுகிறாள். முன்பெல்லாம் சாயங்காலம் கபடிக்கு ஓடுவான், இப்போது அதுவும் இல்லை. "இப்படியே விட்டால் நாளைக்குக் கத்தியைத் தூக்குவான்" என்று நாத்தனார் சொன்னதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. போனைப் பிடுங்கி வைத்துவிடலாமா?

காவேரிப்பட்டணம் வாத்தியார்:
அக்கா, அந்தக் கத்தி பயத்தை முதலில் விடுங்கள். அமெரிக்க உளவியல் சங்கம் 2020ல் தெளிவாகவே சொல்லிவிட்டது: கத்துவது, தள்ளிவிடுவது போன்ற முரட்டுத்தனத்தோடு இந்த கேம்களுக்குச் சின்னத் தொடர்பு தெரிகிறது, ஆனால் வன்முறைக் குற்றங்களுக்கு கேம்தான் காரணம் என்று சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை. 2019ல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்துக்காரர்கள் 14, 15 வயதுப் பிள்ளைகள் சுமார் ஆயிரம் பேரை எடுத்து, அவர்கள் நடத்தையைப் பெற்றோரிடமே கேட்டுப் பார்த்தார்கள். வன்முறை கேம் ஆடுகிறவன்தான் அதிகம் முரட்டுத்தனம் காட்டுகிறான் என்று அதில் வரவில்லை.

அவன் எப்போது கத்துகிறான் என்று கவனியுங்கள். ஒரு மேட்ச் அரை மணி நேரம் வரை போகும், நடுவில் நிறுத்தி வைக்க முடியாது, எழுந்து வந்தால் அவனோடு சேர்ந்து ஆடும் மூன்று பேரும் திட்டுவார்கள். அந்த நேரத்தில் கூப்பிட்டால் எந்தப் பையனும் சீறத்தான் செய்வான். மேட்ச் முடிந்ததும் கூப்பிட்டுப் பாருங்கள்.

ஓசூர் ஷிப்ட்காரன்:
சார் சொல்வது சரி, ஆனால் ஒன்றை விட்டுவிட்டார். நானும் ஆடுகிறவன்தான். துப்பாக்கியை விட எனக்குப் பயம் மைக்தான். முகம் தெரியாத பெரிய ஆட்கள் பேசுகிற கெட்ட வார்த்தை முழுக்க அந்தப் பிள்ளை காதில் விழுகிறது, வீட்டில் வரும் பேச்சு அங்கிருந்துதான் வருகிறது. தெரியாத ஆட்களோடு ஆடும்போது மைக்கை அணைத்து வைக்கச் சொல்லுங்கள். 2023ல் இந்த கேம் தடை நீங்கித் திரும்பி வந்தபோது 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம்தான் என்று வைத்தார்கள். பையன்கள் அப்பா நம்பரைப் போட்டு, வயதை ஏற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். அதையும் ஒருமுறை பாருங்கள்.

தர்மபுரி நர்ஸ்:
அக்கா, எனக்கு உறுத்துவது கபடியை விட்டதும் ராத்திரி முழிப்பதும்தான். தூக்கம் கெட்டாலே கோபம் வரும், அதற்குத் துப்பாக்கி கேம் வேண்டியதில்லை, கேரம் ஆடி முழித்தாலும் வரும். உலக சுகாதார நிறுவனம் கேமிங் கோளாறு என்று ஒன்றை நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அதில் பார்ப்பது கேமில் ரத்தம் வருகிறதா என்பதை அல்ல; ஆட்டத்தை நிறுத்த முடியாமல், மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கி, பாதிப்பு தெரிந்தும் தொடர்கிறானா, பொதுவாக ஒரு வருஷமாக இப்படி இருக்கிறதா என்பதைத்தான். போனைத் திடீரென்று பிடுங்காதீர்கள், வீட்டில் சண்டைதான் பெரிசாகும். படுக்கும் நேரத்துக்கு போன் உங்கள் அறைக்கு வரட்டும், அவ்வளவுதான். 14416 டெலி மானஸ், அரசாங்கத்தின் மனநல உதவி எண், இலவசம், எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள். தங்கச்சியை அடிக்கிறான், பள்ளிக்குப் போக மறுக்கிறான் என்றால் தள்ளிப்போடாமல் மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

பாலக்கோடு அம்மா:
யோசித்துப் பார்த்தால், கபடியை விட்டது கேமுக்கு முன்னாடியேதான். ஸ்கூல் டீமில் எடுக்கவில்லை, அதற்கப்புறம் மைதானம் பக்கமே போகவில்லை.

தர்மபுரி நர்ஸ்:
அப்படியென்றால் போன் பேச்சை எடுக்காமல் முதலில் அதைக் கேளுங்கள் அக்கா. அவன் அப்பாவும் கூட இருக்கட்டும்.