சுழல்: ஆலையில் பற்றிய தீ ஏன் பின்னுக்குப் போனது?

பெரட்டுக்களம் (சுங்கை சிப்புட், மலேசியா):

2022 ஜூனில் வெளிவந்த ‘சுழல்’ என்ற தமிழ் இணையத் தொடரின் முதல் சீசனை, 8 பகுதிகளையும், சென்ற வாரம் அம்மாவுடன் உட்கார்ந்து மீண்டும் பார்த்தேன். அம்மா 28 ஆண்டுகள் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர். சங்கத் தலைவர் சண்முகமாகப் பார்த்திபன் தொழிலாளர்கள் முன்னால் நின்று பேசத் தொடங்கியதும், மடித்துக்கொண்டிருந்த சேலையை மடியிலேயே வைத்துவிட்டு, “எங்கள் தோட்டத்துச் சங்கத்துக்காரரும் பேசுவதற்கு முன்னால் இப்படித்தான் ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார்” என்றார். அந்த நடிப்புக்காகவே தொடரை இன்னொரு முறையும் பார்ப்பேன்.

என் வருத்தம் வேறு. சிமெண்டு ஆலை எரிகிற அதே இரவில் சண்முகத்தின் மகள் நிலா காணாமற்போகிறாள். அதன் பிறகு கதை முழுவதும் அவளைத் தேடியே போய்விடுவதால், வேலையிழந்து நிற்கும் அத்தனை குடும்பங்களும் அப்போது ஊரில் நடக்கும் திருவிழாவின் கூட்டமாகவே மிஞ்சுகின்றன. நான்காம் பகுதி முடிந்தபோது அம்மா, “ஆலை எரிந்துபோயிற்றே, அவர்களுடைய அந்த மாதச் சம்பளம் என்ன ஆயிற்று?” என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. உங்களுக்கும் இது குறையாகப் பட்டதா? குற்றவாளி யார் என்பதை மட்டும் தயவுசெய்து எழுதிவிடாதீர்கள்.

கரகம்:

அம்மாவின் கேள்வி நியாயமானதுதான். ஆனாலும் நான் சற்று மாறுபடுகிறேன், தம்பி. காவலர், முதலாளி, தொழிலாளி, சந்தேகத்துக்கு உள்ளானவர் என எல்லாரையும் ஒரே தெருவில் கொண்டுவந்து நிறுத்துவதற்கு மயானக் கொள்ளைத் திருவிழாவைப் போல வேறொன்று அமைந்திருக்காது. மாசி மாதத்தில், மகா சிவராத்திரியை ஒட்டி மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு எடுக்கும் விழா அது. வேடம் கட்டியவர்கள் நடுவே ஒருவரைத் தேடுவது எவ்வளவு கடினம் என்பதைத் தொடர் கண்முன் காட்டிவிடுகிறது. எங்கள் மாரியம்மன் திருவிழாவில் கரகம் தோட்டத்து லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வீட்டு வரிசைக்கு, வரும்போது, யாரோடு யாருக்குப் பேச்சுவார்த்தை இல்லை என்பது கூட்டம் ஒதுங்குவதிலேயே தெரிந்துவிடும். அந்த நுணுக்கம் இதில் இருக்கிறது.

மழைக்காலம்:

எனக்குக் காவல்துறைப் பகுதிதான் பொறுக்கவில்லை. தன் மகனே தொடர்புடைய வழக்கில் ஆய்வாளர் ரெஜினா எப்படித் தொடர்ந்து தலையிட முடியும்? ஸ்ரேயா ரெட்டி கண்ணாலேயே நடித்துவிடுவதால் பார்க்கும் நேரத்தில் அது உறுத்துவதில்லை. தொலைக்காட்சியை அணைத்த பிறகுதான் உறுத்துகிறது. தவிர, ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் புதிதாக ஒருவர்மேல் சந்தேகத்தைத் திருப்பி, அடுத்த பகுதியில் அவரை விடுவித்துவிடுகிறார்கள். மூன்றாவது முறை அது நடந்தபோது நான் பதறுவதையே நிறுத்திவிட்டேன்.

செம்மண்சடக்கு:

2025 பிப்ரவரியில் வந்த இரண்டாவது சீசனையும் பாருங்கள். உள்ளே தாழிட்ட வீட்டில் வழக்கறிஞர் செல்லப்பா கொலையுண்டு கிடக்கிறார். இளம்பெண்கள் ஒருவர்பின் ஒருவராக ‘நான்தான் கொன்றேன்’ என்று சரணடைகிறார்கள். புதிராக அது முதல் சீசனைவிட இறுக்கமானது. ஆனால் சண்முகத்தைப் போல ஓர் ஊரையே தோளில் சுமக்கிற மனிதர் அதில் இல்லை.

பெரட்டுக்களம்:

நன்றி. கரகம் அக்கா, நீங்கள் எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கூட்டம் ஒதுங்குவதைப் பற்றிச் சொன்னது உண்மைதான் என்றார். சம்பளத்தைப் பற்றி யாராவது எழுதியிருக்கிறார்களா என்று மறுபடியும் கேட்டார்.