தண்டனைக் கைதிக்கு இரண்டாவது வழக்கில் செட்-ஆஃப் (விசாரணைக் காவல் நாட்களைத் தண்டனையில் கழித்தல்): உதவி தேவை

குற்றவியல் வழக்கு நடத்தும் நண்பர்களுக்கு வணக்கம். முதல் வழக்கில் தண்டனை அனுபவித்துவந்தவரைப் பி.டி. வாரண்டில் (சிறையில் இருப்பவரை வேறு வழக்குக்கு வரவழைக்கும் உத்தரவு) ஆஜர்படுத்தி, இரண்டாவது வழக்கிலும் ரிமாண்ட் செய்தார்கள். விசாரணை 14 மாதம். தண்டனை 3 ஆண்டு. தீர்ப்பில் "செட்-ஆஃப் உண்டு" என்ற ஒரு வரிதான், தேதிகள் இல்லை. அந்த விசாரணை நாட்கள் முதல் தண்டனையில் கழிந்துவிட்டன என்று சொல்லி, சிறை அதிகாரிகள் அவற்றைக் கழிவுக் கணக்கில் சேர்க்க மறுக்கிறார்கள்.

பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 468 (பழைய சட்டத்தில் 428) "அதே வழக்கில்" இருந்த காவலைத்தான் கேட்கிறது. ஒரே காவல் இரண்டு வழக்கிலும் கணக்காகலாம் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2001 நஜாகத் அலியா தீர்ப்பு. எதிர்த்தரப்பு அதே நீதிமன்றத்தின் அதுல் மனுபாய் பரேக் தீர்ப்பைக் காட்டும். அது வேறு வழக்குகளில் இருந்த காவலைப் பற்றியது.

உண்மையான சிக்கல் ரிமாண்ட் நீட்டிப்பில். பி.டி. வாரண்டில் வந்துபோனால் மட்டும் போதாது, காவலுக்கு உத்தரவு வேண்டும். வாரண்டின் பின்பக்கக் குறிப்பில் நடுவே இரண்டு வாய்தாக்களுக்கு நீட்டிப்பே பதிவாகவில்லை. அந்த நாட்களும் அவர் உள்ளே கழித்தவைதானே!

ஏ டைரி (நீதிமன்றத்தின் அன்றாட நடவடிக்கைப் பதிவேடு) நகலுக்கு மனு போட்டாயிற்று. தேவைப்படுவது இவை: இத்தகைய இடைவெளியை ஏற்றுக் கழிவு தந்த சென்னை உயர்நீதிமன்ற உத்தரவு, தேதிவாரிக் கழிவுப் பட்டியல் கேட்கும் மனு மாதிரி. பிரிவு 467-இன்படி ஏககாலத் தண்டனையையும் (இரண்டு தண்டனைகளும் ஒரே சமயத்தில் ஓடுவது) அதே மனுவில் கேட்கலாமா, தனியாகவா?